இறந்தவளுக்கு நூற்றொன்றரை

அத்தியாயம் நான்கு

“இன்னைக்கு ஒரு நாள் வாய்விட்டுப் படிக்காதீங்க,” என்றார் நிதானம்.

பெரியவருக்குச் சுருக்கென்றது. அவர் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு, அவருடைய கொள்ளுத்தாத்தா தன் மூச்சால் ஊதிச் செய்த வெப்பமானியை எப்படிப் படிக்க வேண்டும் என்று அவருக்கே ஒருவர் பாடம் எடுப்பதா? முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டார். ஏற்கெனவே கம்பி போலத்தான் நின்றிருந்தார்.

“இந்த வீட்டிலே அளவை வாய்விட்டுத்தான் படிப்போம். நாலு தலைமுறையா அதுதான் வழக்கம்.”

“அதனாலதான் சொல்றேன்.”

நிதானம் என்பது அந்தத் துப்பறிவாளருக்கு ஊர் வைத்த பெயர். வீடு தீப்பற்றி எரிந்தாலும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவார் என்பார்கள். கூட வந்திருந்த உதவியாளருக்கு ஊசி என்று பெயர். முப்பத்தைந்தைத் தாண்டிய பெண். பெயர்க் காரணம் பெரியவருக்கு வாசற்படியிலேயே விளங்கிவிட்டது. “ஆவிக்குக் காய்ச்சல்னா டாக்டரையோ மந்திரவாதியையோ கூப்பிட்டிருக்கலாமே சார், இடையிலே நாங்க எதுக்கு?” என்று கேட்டுக்கொண்டேதான் அவள் உள்ளே வந்தாள்.

காலை வெயில் கூடத்தின் பாதி வரைக்கும்தான் வந்திருந்தது. மீதிப் பாதியில் கண்ணாடி அலமாரிகள் இருட்டில் நின்றன. ஆள் உயரத்துக்கு எழுந்த சாராய வெப்பமானிகள், அவற்றுக்குள் சிவப்புக் கோடுகள், எல்லாம் ஒரே மட்டத்தில். நீர் நிரம்பிய நீளக் குடுவைக்குள் வண்ணவண்ணமாய்க் கண்ணாடிக் குண்டுகள். சூடு கூடினால் ஒன்று இறங்கும், குறைந்தால் ஒன்று ஏறும். ஒரு சத்தமும் இல்லாமல் எல்லாம் எதையோ அளந்துகொண்டே இருந்தன. தனியாக நிற்கும்போது, அவை தன்னையும் சேர்த்து அளக்கின்றன என்று பெரியவருக்குத் தோன்றும். சமீபகாலமாக அடிக்கடி தோன்றியது.

நடு அலமாரியில், நீல வெல்வெட்டின் மேல் கிடந்தது அந்தக் கருவி. உடம்புச் சூடு பார்க்கும் வெப்பமானி, ஆனால் ஒரு முழ நீளம். மேல்முனையில் பித்தளைத் தொப்பி. தொப்பியைச் சுற்றி அரக்கு. அரக்கின் மேல் குடும்ப முத்திரை. பாதரசம் ஒரு தரம் ஏறினால் தானாக இறங்காது. யாராவது கையில் பிடித்து உதறினால்தான் இறங்கும்.

ஆறு வருஷத்துக்கு முன் பெரியவரின் மனைவி காய்ச்சலில் படுத்தபோது, கடைசியாகச் சூடு பார்த்தது இந்தக் கருவியில்தான். நூற்றிரண்டரை என்று படித்தவர் பெரியவர். “நூத்தி ரெண்டரைன்னா இறங்கிடும், காலையிலே வர்றேன்,” என்றார் டாக்டர். காலையில் அவர் வந்தபோது பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. அன்றைக்கு உதறி வைத்த கருவி, அதற்குப் பிறகு வெல்வெட்டை விட்டு எழுந்ததில்லை.

இப்போது ஒரு வாரத்துக்கு மேலாக எழுந்துகொண்டிருந்தது. முதல் நாள் காலை வந்து பார்த்தபோது பாதரசம் நூறில் நின்றது. உதறி வைத்தார். மறுநாள் நூற்றரை. கூடத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். அதற்கு மறுநாள் நூற்றொன்று. இன்னொரு சாவி எங்கே என்று நிதானம் போனில் கேட்டபோது, “என் மனைவியோட கொத்திலே. அவ ரூமிலே தொங்குது. அந்த ரூமுக்குள்ளே யாரும் போறதில்லை,” என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் அவர் காதிலேயே வேறு மாதிரி விழுந்தது.

“பழம்பொருள் வியாபாரி ஒருத்தன் ரொம்ப நாளா இதைக் கேட்டுட்டிருக்கான்,” என்றார் இப்போது. “பயமுறுத்தினா வித்துடுவேன்னு நினைக்கிறான். அதுதான் விஷயம். ஆவி கீவியை எல்லாம் நான் நம்பறவன் இல்லை.”

“நம்பிக்கையை எல்லாம் ஆவி எதிர்பார்க்காது சார்,” என்றாள் ஊசி. “அது பாட்டுக்கு வந்து காய்ச்சல் பார்த்துட்டுப் போகுது.”

அப்போதுதான் மேலே, கூரைக்கு அந்தப் பக்கம், ஒரு இருமல். ஒன்றே ஒன்று, வாயைத் துணியால் பொத்தினாற்போல அமுங்கிய இருமல். பெரியவரின் கை அலமாரிக் கதவில் நின்றுவிட்டது. இப்படித்தான் சில நாளாக. இருமல் பொத்துவதில் இறந்துபோன மனைவிக்கு நிகர் யாரும் கிடையாது; அடுத்தவர் தூக்கம் கெட்டுவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து இருமுவாள்.

நிதானமும் நிமிர்ந்து பார்த்தார்.

பெரியவர் கருவியை எடுத்து வெயிலுக்குக் காட்டினார். நூற்றொன்றரை. உதடு தானாகத் திறந்தது, மூடிக்கொண்டார். நிதானம் பார்த்தார், ஊசி பார்த்தாள். பிறகு பெரியவர் மணிக்கட்டைச் சொடுக்கி மூன்று உதறு உதறினார். பாதரசம் கீழே போய்ப் படுத்தது.

“இதை எப்படியெல்லாம் சூடாக்கலாம்?” என்றார் நிதானம்.

“விளக்குலே காட்டலாம். ஆனா புகை படிஞ்சிருக்கும், ஒரு பொட்டுக் கரி இல்லை,” என்றாள் ஊசி. “கொதிக்கிற தண்ணியிலே விடலாம். ஆனா அது நூத்தி ஒண்ணரையிலே நில்லுன்னா நிக்காது, உச்சிக்குப் போய் உட்கார்ந்துக்கும். மிச்சம் இருக்கிறது ஒரே வழி, கடவுள் கொடுத்த வழி.” கருவியைக் குழாயடியில் கொண்டுபோய் இரண்டு தரம் கழுவி, நாக்குக்கடியில் வைத்துக்கொண்டாள். மீனைக் கவ்விய கொக்கு போல இருந்தது. அந்தச் சில நிமிஷங்கள் அவள் பேச முடியாமல் இருந்ததில் பெரியவருக்கு ஒரு நிம்மதி.

எடுத்துப் பார்த்தாள். முகம் மாறியது.

“சார், தொண்ணூத்தி ஆறரை.”

“சரியாப் பாருங்க,” என்றார் பெரியவர்.

“சரியாத்தான் பார்க்கிறேன். எனக்கே கொஞ்ச நாளா சந்தேகம்தான், சம்பளத்தைப் பார்த்தா உயிரோட இருக்கிறவங்களுக்குக் கொடுக்கிற மாதிரி இல்லையேன்னு.”

நிதானம் வாங்கி உதறிக் கழுவித் தானும் வைத்துக்கொண்டார். தொண்ணூற்றாறரை.

“ரெண்டு பேருமே அரை ஆவி,” என்றாள் ஊசி.

“சில உடம்பு இயற்கையிலேயே குளிர்ச்சியா இருக்கும்,” என்றார் பெரியவர். குரலில் கொஞ்சம் இரும்பு ஏறியிருந்தது. “கருவியிலே குறை இருக்காது. எங்க முத்திரை இருக்கிற கருவி எதிலேயும் குறை இருந்ததில்லை.”

கதவுப் பக்கம் காலடி கேட்டது. பெரியவரின் தங்கை காபியோடு வந்தாள். கணவரை இழந்து அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். கண்ணிரண்டிலும் புரை, சுவரை விரலால் தொட்டுக்கொண்டேதான் நடப்பாள். தட்டை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

“என்ன பாப்பா?” என்றார் பெரியவர். அறுபது வயதிலும் அவருக்கு அவள் பாப்பாதான்.

“ஒண்ணுமில்லை அண்ணா.” போய்விட்டாள்.

நிதானம் காபியை ஆற்றினார். “நீங்க யாருக்காவது சூடு பார்த்தா, பார்த்ததும் உடனே உதறி வெச்சிடுவீங்களா?”

“உதறக் கூடாது. அதுதான் இந்த வீட்டு ஒழுங்கு. வெச்சவர் படிக்கவும் கூடாது, உதறவும் கூடாது. இன்னொருத்தர் வந்து பார்த்து, வாய்விட்டுப் படிச்சு, அப்புறம் அவர்தான் உதறணும். ஒரே ஆளோட கண்ணு, மனசு எதைக் கேட்குதோ அதைத்தான் பார்க்கும்னு கொள்ளுத்தாத்தா சொல்லுவாராம். ரெண்டாவது கண்ணு படாத அளவு இந்த வீட்டிலே அளவே இல்லை.”

“வேற வீடுகள்ளே?”

“மத்தவங்க எல்லாம் வாயிலிருந்து எடுத்ததும் உதறிடுவாங்க. சின்னக் குழந்தைகூடச் செய்யும்.” அதில் அவருக்கு இருந்த இளக்காரம் மறையவில்லை.

“உங்க வியாபாரி?”

“அவனுக்கென்ன தெரியும், அவனும்தான்.” சொல்லி முடிப்பதற்குள் பெரியவருக்குத் உதறாமல் வைத்தது வெளியாள் இல்லை என்பது புரிந்துபோயிற்று.

தங்கை மறுபடி வந்தாள். டம்ளர்கள் காலியாகவில்லை. ஜன்னல் கட்டையைத் துடைத்தாள். அது சுத்தமாகத்தான் இருந்தது. முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டு அலமாரிப் பக்கம் முகத்தைத் திருப்பினாள், காதால் பார்ப்பவள் போல. மேலே மறுபடி அந்த இருமல். இந்தத் தடவை நீளமாக.

“அண்ணா.” அவள் குரல் காய்ந்திருந்தது. “இன்னைக்கு எவ்வளவுன்னு நீ சொல்லவே இல்லையே.”

தன் வாழ்நாளில் தங்கை தன்னிடம் கேள்வி கேட்டதாகப் பெரியவருக்கு நினைவில்லை. அழைத்தால் வருவாள், சொன்னால் செய்வாள்.

“உனக்கெதுக்கு அது?”

நிதானம்தான் மெல்லச் சொன்னார்: “கருவியை ராத்திரி எடுத்துட்டுப் போய் விடியறதுக்குள்ளே கொண்டுவந்து வைக்கிறது அவங்கதான்.”

“என்ன பேச்சு இது? அவளுக்குப் பாதரசக் கோடே தெரியாது. முடியைவிட மெல்லிசு அது. படிக்க முடியாதவ எடுத்துட்டுப் போய் என்ன செய்வா?”

“அதனாலதான் திருப்பி இங்கே கொண்டுவந்து வெச்சாங்க. தினமும் காலையிலே நீங்க வருவீங்க, எடுப்பீங்க, கணீர்னு படிப்பீங்க, உதறுவீங்க. அவங்க கதவு பக்கம் நின்னு கேட்டுட்டுப் போயிடுவாங்க. வீட்டு ஒழுங்கு ஒரு நாளும் தவறலை. அந்த ரெண்டாவது கண்ணு நீங்கதான்.”

“சார் வீட்டு ஆவிக்கு சாரே கம்பவுண்டர்,” என்று தொடங்கிய ஊசி, பெரியவரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

“அப்ப சூடு யாருக்கு?” என்றார் நிதானம். “இந்த வீட்டிலே வளர்ந்த ஒருத்தருக்கு. தானே வெச்சுப் பார்த்தும் உதறாம அப்படியே கொடுத்தனுப்பற பழக்கம் உள்ளவருக்கு. நீங்க ரெண்டு பேரைத் தவிர இங்கே வளர்ந்தது யாரு?”

“யாருமில்லை.”

“பொண்ணு ஒருத்தங்க இருந்ததா ஊர்லே சொன்னாங்களே,” என்றாள் ஊசி.

“எனக்குப் பொண்ணு இல்லை.”

தங்கை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. “மேலே இருக்கா அண்ணா,” என்றாள். “அண்ணி ரூமிலே. காய்ச்சலோட வந்து பின்கதவைத் தட்டினா. ஒரு ராத்திரி அம்மா கட்டில்லே படுத்துட்டுப் போயிடறேன் அத்தைன்னா. போக முடியலை. உன்கிட்டே சொல்ல எனக்கு வாய் வரலை.”

கூடம் முழுவதும் சிவப்புக் கோடுகள் ஒரே மட்டத்தில் நின்றன. பெரியவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார், உட்காரவில்லை. இத்தனை நாளும் தலைக்கு மேலே இருமியது இறந்தவள் இல்லை. அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. இறந்தவளிடம் அவருக்குப் பயம் மட்டும்தான் இருந்தது. இவளிடம் வேறொன்று பாக்கி இருந்தது.

தாய் போன அன்றைக்கே, இதே கூடத்தில், மகள் சொன்னாள். பக்கத்து வீட்டிலிருந்து பிளாஸ்டிக் வெப்பமானி ஒன்றை வாங்கி வந்து ராத்திரியே பார்த்தாளாம். அது இரண்டு டிகிரி கூடக் காட்டியதாம். “உங்க கண்ணாடிக் குழாய்தான்பா அம்மாவைக் கொண்டுபோச்சு,” என்றாள், துக்கத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி. அந்தப் பிளாஸ்டிக்கைப் பிடுங்கி ஜன்னல் வழியாகத் தெருவில் எறிந்தார் அவர். அவளை வாசலைக் காட்டி அனுப்பினார். கீச்சிடும் பிளாஸ்டிக் கருவி எதுவும் அதற்குப் பிறகு இந்த வீட்டுக்குள் வந்ததில்லை.

“மாத்திரை கொடுத்திருக்கேன் அண்ணா,” தங்கை சொல்லிக்கொண்டிருந்தாள். “நீ நூறுன்னே, நூத்தி ஒண்ணுன்னே. சாதாரணக் காய்ச்சல்தானேன்னு மாத்திரை கொடுத்தேன். ரெண்டு கூட்டிக்கோங்க அத்தைன்னு அவ சொல்றா, தினமும் சொல்றா. நான் கேட்கலை. உன் வாயிலே தப்பு வராதுன்னு நினைச்சேன். நேத்து ராத்திரியிலிருந்து அவ எதுவுமே சொல்லலை. என்னை அம்மான்னு கூப்பிடறா.”

“தொண்ணூத்தி ஆறரையோட ரெண்டு சேர்த்தா தொண்ணூத்தி எட்டரை,” என்றாள் ஊசி. இப்போது அவள் குரலில் விளையாட்டு இல்லை. “நாங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கோம் சார். உங்க பொண்ணுக்குத்தான் நூத்தி மூணரை.”

“இல்லை,” என்றார் பெரியவர். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. மகளுக்காகச் சொன்ன ‘இல்லை’ அல்ல அது. மகள் சரி என்றால் கொள்ளுத்தாத்தா தப்பு. அதோடு நின்றால் பரவாயில்லை, அங்கே நிற்காது. அன்றைய ராத்திரிக்குப் போகும்.

நிதானம் கருவியை வெயிலில் பிடித்து மெதுவாகச் சுழற்றினார். “பாதரசம் எங்கேயும் ஆவியாப் போகலை. ரெண்டு டிகிரி குறையுதுன்னா அந்த ரெண்டு டிகிரி இதுக்குள்ளேதான் எங்கேயோ ஒளிஞ்சிருக்கணும். குழாய் முழுக்கத் தெரியுது. தெரியாத இடம் ஒண்ணே ஒண்ணுதான்.” பித்தளைத் தொப்பியின் மேல் விரலை வைத்தார். “இதைத் திறக்கணும். இது உங்க முத்திரை. நான் தொட மாட்டேன்.”

அந்த அரக்கை யாரும் உடைத்ததில்லை. தாத்தா உடைக்கவில்லை, அப்பா உடைக்கவில்லை. பரிசோதிக்க வந்த பெரிய மனிதர்கள் கேட்டபோதும், எங்கள் வார்த்தை போதும் என்று சொல்லியனுப்பிய குடும்பம் இது. அந்த வார்த்தையின் பலத்தில்தான் பெரியவர் இத்தனை காலம் நிமிர்ந்து நடந்தார்.

மேலே ஏதோ தரையில் விழுந்து உருண்டது. தண்ணீர்ச் செம்பாக இருக்கலாம்.

பெரியவர் மேஜையிலிருந்து பேனாக் கத்தியை எடுத்தார். முத்திரையின் நடுவிலேயே கத்தியை வைத்து அழுத்தினார். பழைய அரக்கு சீவல் சீவலாகப் பெயர்ந்தது. தொப்பியைத் திருகி எடுத்தார்.

குழாயின் நுனியில், ஒரு குமிழுக்குள், கடுகைவிடச் சிறிய பாதரசத் துளி ஒன்று உட்கார்ந்திருந்தது. எந்தக் காலத்திலோ, எவர் கையிலோ, அளவுக்கு மீறிய சூட்டில் மேலே போனது. கூட்டத்தோடு கீழே இறங்காமல் தொப்பிக்கு அடியில் தங்கிவிட்டது. எத்தனை உதறினாலும் வரப்போவதில்லை. வெயில் பட்டு ஒரு சின்னக் கண் போல அது பளபளத்தது.

பெரியவர் அதைப் பார்த்தார். ஒரே கண் மனசு கேட்பதைத்தான் பார்க்கும் என்பது ஞாபகம் வந்தது. குழாயை ஊசியின் பக்கம் நீட்டினார்.

“நீங்களும் பார்த்துச் சொல்லுங்கம்மா.”

அவள் குனிந்து பார்த்தாள். “இருக்கு சார்,” என்றாள்.

அவரே போய்த் தொலைபேசியை எடுத்தார். அதே டாக்டர்தான். “நூத்தி மூணரை,” என்றார். “நேத்து ராத்திரியிலிருந்து பிதற்றல்.” அந்தப் பக்கம், இந்த வீட்டுக் கருவியில் பார்த்ததுதானே என்று கேட்டிருக்க வேண்டும். “அதிலே பார்த்ததுதான். அது ரெண்டு குறைச்சுக் காட்டும். எப்பவும் குறைச்சுத்தான் காட்டியிருக்கு.” பிறகு, வீட்டுக்கு வந்து பார்க்கிற காய்ச்சல் இல்லை இது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள் என்று வந்தது பதில்.

மனைவி போன பிறகு அவர் ஏறாத மாடிப்படி. ஏறினார். அறை ஜன்னல்களில் பழைய திரைகள், மருந்து வாடை, கொக்கியில் சாவிக்கொத்து. கட்டிலில், தாயின் போர்வைக்குள், தாயைப் போலவே ஒருக்களித்துக் கிடந்தாள் மகள். வாசலிலேயே ஒரு கணம் நின்றுவிட்டார், எந்தக் காலத்துக்குள் நுழைகிறோம் என்று தெரியாமல். பிறகு போர்வையோடு சேர்த்துத் தூக்கினார். அவர் வயதுக்கு அது ஆகாத காரியம். ஊசி ஒரு பக்கம் தாங்கிக்கொண்டாள்.

நிதானம் அன்றைக்கு வண்டியைப் பறக்க விட்டார். முன்னிருக்கையில் ஊசி. பின்னால், தங்கையின் மடியில் மகளின் கால்கள். பெரியவர் மடியில் தலை. நெற்றியில் கை வைத்திருந்தார். எந்தக் கண்ணாடிக் குழாயும் சூட்டைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நடந்ததை எல்லாம் தங்கை அவளிடம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரித் தெரு திரும்பும்போது மகள் கண்ணைத் திறந்தாள். பார்வை நேராக இருந்தது.

“அப்பா.”

“ம்.”

“தொப்பியைத் திறந்தீங்களா? அத்தை சொல்றாங்க.”

“திறந்தேன்.”

அவள் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். “அப்போ அம்மாவுக்கு எவ்வளவு இருந்திருக்கும்?”

அவளுக்குக் கூட்டத் தெரியாமல் இல்லை. ஆறு வருஷமாகக் கூட்டிக்கொண்டுதான் இருந்திருப்பாள். அதைப் படிக்க வேண்டியவர் வாயால் படித்துக் கேட்க வேண்டும் அவளுக்கு. தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். நிதானம் கண்ணாடியில் பின்னால் பார்க்காமல் இருந்தார்.

தப்பான அளவைத் தெரிந்தே படித்தவரில்லை பெரியவர். வண்டிக்குள் எல்லோருக்கும் கேட்கும்படி, கூடத்தில் படிப்பது போலவே படித்தார்.

“நூத்தி நாலரை.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கொதிக்கிற கை ஒன்று போர்வைக்குள்ளிருந்து வந்து அவர் விரல்களைத் தேடிப் பிடித்துக்கொண்டது. வண்டி நின்று, கதவு திறந்து, ஆட்கள் வந்து அவளை வாங்கும் வரை அது பிடியை விடவில்லை.